புள்ளி ஒரு பக்கம், தோட்டா ஒரு பக்கம்: கடற்கரை வீட்டில் கைத்துப்பாக்கி லேசர் செய்யும் கோளாறுகள்

பாம்பனில் இரும்புச் சாமான் வைத்திருப்பவருக்கு உப்புக்காற்றைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு வருஷம் முழுக்கப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையம் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில்தான் இடம் பிடித்தது. பாலத்துக்கே அந்தக் கதி என்றால், குறி வைக்கும் இடத்தில் ஒளிப்புள்ளி விழவைக்கக் கைத்துப்பாக்கியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டைவிரல் அளவு லேசர் பெட்டி எம்மாத்திரம்?

நான் ராணுவத்தில் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை உரிமத்தோடு .32 கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள், நகைக்கடைக்காரர், இறால் வியாபாரி, தோப்புக்குள் தனி வீட்டில் இருப்பவர் என்று, லேசர் மக்கர் பண்ணினால் என்னிடம் கேட்பார்கள். யார் துப்பாக்கியையும் நான் கையில் வாங்குவதில்லை. அடுத்தவர் ஆயுதத்தைப் பழுது பார்க்க ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். என்னிடம் அது கிடையாது. வாயால் சொல்வதோடு சரி. அப்படிச் சொல்லிச் சொல்லி அலுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்னும் லேசர் வாங்காதவர்கள் பணம் கொடுக்குமுன் கலெக்டர் ஆபீஸில் உரிமம் பார்க்கும் பிரிவில் எழுதிக் கேட்டு, பதிலை உரிமப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றுங்கள், மேலே நகரும் ஸ்லைடை இழுத்து, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தடவிப் பாருங்கள். ரிவால்வர் என்றால் சிலிண்டரைத் திறந்து ஆறு அறையையும் எண்ணுங்கள். தோட்டாக்களை அடுத்த அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள். மேகசினை முதலில் கழற்றாமல் ஸ்லைடை இழுத்தால், வெளியே ஒரு தோட்டா விழும், உள்ளே இன்னொன்று ஏறும். வரிசை மாறக் கூடாது.

ஸ்விட்சை அழுத்தினால் ஒன்றுமே வரவில்லை

இங்கே பத்துக்கு எட்டுப் பேருக்கு இதுதான். உடனே பேட்டரி மாற்றுவார்கள். புதுசு போட்டும் எரியாது. பெட்டி செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

பேட்டரி மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் உப்பு வேலை; செம்பும் பித்தளையும் உப்பு ஈரத்தில் அப்படித்தான் பூக்கும். வெள்ளைப் பொடியாக இருந்தால் அல்கலைன் பேட்டரி கசிந்திருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பச்சைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையின் பென்சில் அழிப்பானைச் சன்னமாக வெட்டித் தேய்த்தால் போதும். வெள்ளைப் பொடி காரம், ஆகையால் அதற்குப் புளிப்பு வேண்டும்: காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் தொட்டுத் துடையுங்கள். சாறு உள்ளே தங்கினால் அதுவே அரிக்கும். மெடிக்கலில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் உடனே இன்னொரு முறை துடைத்து, அரை மணி நேரம் திறந்தபடி காயவிடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம், ஃபேன் காற்று போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவர்கள் உண்டு. மேல் முலாம் போய்விடும், அடுத்த மாதமே மறுபடி பூக்கும்.

காய்ந்தபின் மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். அது வெடித்திருந்தால் மேலே சொன்னது எல்லாம் வீண். நல்லதாக இருந்தால் சிலிக்கான் கிரீஸ் ஒரு துளி, விரலில் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும், வளையத்தில் தடவி மூடுங்கள். துப்பாக்கி ஆயில் வேண்டாம். அதில் சில வகை ரப்பரை உப்பவைக்கும்.

இவ்வளவு செய்தும் எரியவில்லையா? பேட்டரியைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்களா பாருங்கள். சிரிக்காதீர்கள். சிறு பொத்தான் பேட்டரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது நானே தவறியிருக்கிறேன்.

எரிகிறது, ஆனால் மங்கல்

எப்போது மங்குகிறது என்பதைக் கவனியுங்கள். போட்டதும் பளிச்சென்று வந்து ஒரு நிமிடத்தில் சோர்ந்தால் பேட்டரி. எல்.ஆர். 44 என்று கடையில் கிடைக்கும் அல்கலைன் பொத்தான், 1.5 வோல்ட்டில் தொடங்கி மெல்ல மெல்லச் சரியும். அதே அளவில் எஸ்.ஆர். 44 என்று சில்வர் ஆக்சைடு உண்டு, 1.55 வோல்ட், கடைசி வரை அப்படியே நின்று திடீரென்று விழும். விலை கூடுதல்தான். லேசருக்கு அதுவே ஏற்றது. லித்தியம் கேட்கும் பெட்டியில் லித்தியம்தான் போட வேண்டும்; அளவு ஒத்துப்போகிறதே என்று வேறு வோல்ட்டேஜ் செருகினால் உள்ளே வெளிச்சம் தரும் டயோடு கருகும்.

முதலிலிருந்தே மங்கல் என்றால் கண்ணாடி அழுக்கு. அதை அடுத்துச் சொல்கிறேன்.

பச்சை லேசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கதி. பழைய வகைப் பச்சை நேராகப் பச்சையாகப் பிறப்பதில்லை. உள்ளே அகச்சிவப்பு டயோடு ஒன்று ஒரு படிகத்தை ஊக்கி, இன்னொரு படிகம் அதை 532 நானோமீட்டர் பச்சையாக மாற்றுகிறது. இந்த அமைப்புக்குச் சூடும் ஆகாது, குளிரும் ஆகாது. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் இருந்துவிட்டு வந்தால் பாதி வெளிச்சம்தான் தரும். காருக்குள் துப்பாக்கியை விட்டுப் போவதே குற்றம் மாதிரி என்பது வேறு விஷயம். புதிதாக வரும் 520 நானோமீட்டர் வகை நேரடி டயோடு, இந்தச் சிணுங்கல் குறைவு.

பகலில் புள்ளி தெரியவே இல்லை

இது கோளாறில்லை. 5 மில்லிவாட்டுக்குள் இருக்கும் சிவப்புப் புள்ளி, நம் ஊர் வெள்ளை மணலில் நண்பகலில் சில மீட்டருக்கு அப்பால் காணாமல் போகும். மனிதக் கண் பகலில் 555 நானோமீட்டர் பக்கம்தான் கூர்மை; பச்சை அதற்கு அருகில், 650 சிவப்பு வெகு தூரத்தில். அதனால் ஒரே சக்தியில் பச்சை பல மடங்கு பளிச்சென்று தெரியும். சிவப்பிலேயே 635 வாங்கினால் 650-ஐவிட நன்றாகத் தெரியும். சீனச் சாமான் ஒன்றில் 'நூறு மில்லிவாட்' என்று போட்டிருக்கிறது, வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். உங்கள் வீட்டு ஸ்டீல் பீரோவில் பட்டுத் திரும்பினால் உங்கள் கண்தான் போகும்.

பகலில் லேசரை மறந்துவிட்டு, குழல் நுனியில் இருக்கும் ஃபோர்சைட், பின்னால் இருக்கும் பேக்சைட் இரண்டையும் பார்த்துப் பிடியுங்கள்.

புள்ளிக்கு வால் முளைத்திருக்கிறது, நட்சத்திரமாகச் சிதறுகிறது

உருண்டையாக இருக்க வேண்டிய புள்ளி வாரியலால் இழுத்த கோலம் மாதிரி ஆகிவிட்டால் லென்ஸில் ஏதோ ஒட்டியிருக்கிறது. மூன்றில் ஒன்று: உப்புப் படலம், வெடிமருந்துக் கரி, எண்ணெய். எண்ணெய்தான் அதிகம். துப்பாக்கி சுத்தம் செய்கிறேன் என்று சிந்தி என்கிற துடைக்கும் துணியில் ஆயில் நனைத்து எல்லா இடமும் தேய்ப்பார்கள், லேசர் கண்ணையும் சேர்த்து.

முதலில் ஊதுங்கள், வாயால் அல்ல, கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் பல்பால். உப்பும் மணலும் இருக்கும்போது துணி வைத்துத் தேய்த்தால் கீறல் விழும். நம் கடற்கரை மணலில் இரும்புக் கருமணலும் கலந்து கிடக்கிறது. ஊதிய பிறகு ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஒரே சுற்று. அடுத்த சுற்றுக்குப் புதுக் குச்சி. தண்ணீர்தான் வேண்டும் என்றால் குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்தபின் வெள்ளைத் திட்டு நிற்கும். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எடுங்கள்.

மூடுபனி போல உள்பக்கமே வேர்த்திருந்தால் சீல் போய்விட்டது. ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் வெளிப்பக்கம் வேர்ப்பது வேறு, அது ஐந்து நிமிடத்தில் போகும். உள்வேர்வைக்குச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூன்று நாள் வைத்துப் பாருங்கள். திரும்பவும் வந்தால் பெட்டியை மாற்ற வேண்டியதுதான்.

புள்ளி ஓரிடம், தோட்டா ஓரிடம்

"அண்ணே, புள்ளி நட்ட நடுவுல நிக்கிது. தோட்டா மட்டும் தெக்கயே போகுது" என்று தொண்டிப் பக்கத்து வியாபாரி ஒருவர் சுட்டுப் பழகும் ரேஞ்சிலிருந்தே போன் செய்தார். எத்தனை மீட்டர் என்றேன். தெரியவில்லை. எத்தனை மீட்டரில் ஜீரோ செய்தீர்கள், அதாவது புள்ளியும் தோட்டாவும் எந்தத் தூரத்தில் சேரும்படி வைத்தீர்கள் என்றேன். கடைக்காரர் செய்து கொடுத்தார் என்றார்.

இங்கேதான் நின்று நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். புள்ளி காட்டுவது லேசர் எங்கே பார்க்கிறது என்பதை. தோட்டா புறப்படுவது குழலான பேரலிலிருந்து. இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. பேரலுக்கு 2.5 செ.மீ. கீழே லேசர் இருக்கிறது, 7 மீட்டரில் இரண்டும் சேரும்படி வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை மீட்டரில் தோட்டா புள்ளிக்கு 1.25 செ.மீ. மேலே படும். 7 மீட்டரில் புள்ளிமேல். 14 மீட்டரில் 2.5 செ.மீ. கீழே, 21 மீட்டரில் 5 செ.மீ. கீழே, இதற்குமேல் தோட்டா தானாகத் தாழ்வது தனிக் கணக்கு. கைப்பிடியில் பக்கவாட்டில் ஏறும் லேசர் என்றால் இந்த விலகல் கிடைவாட்டிலும் வரும். வலப்பக்கம் லேசர் இருந்தால், கிட்டத்தில் தோட்டா புள்ளிக்கு இடப்பக்கம், தூரத்தில் வலப்பக்கம். தற்காப்பு தூரத்தில் இது ஒரு சுண்டுவிரல் கனம்தான். அதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை.

ஒரு சாண் விலகுகிறது என்றால் மட்டும் சந்தேகப்படுங்கள். அப்போதும் முதலில் உங்களைச் சந்தேகியுங்கள். லேசரை அணைத்துவிட்டு, 7 மீட்டரில், கையை மணல் மூட்டையில் தாங்கி, ஃபோர்சைட் பார்த்து ஐந்து தோட்டா சுடுங்கள். ஒன்று சுட்டு முடிவு கட்டாதீர்கள். தோட்டா விலை எனக்கும் தெரியும். ஐந்தும் ஒரு உள்ளங்கைக்குள் விழவில்லை என்றால் லேசர்மீது பழி போட முகாந்திரமே இல்லை. வலக்கைக்காரருக்கு எல்லாம் இடப்பக்கம் கீழே விழுந்தால் டிரிக்கரை வெடுக்கென்று இழுக்கிறார். நம் ஊரில் புழங்கும் ரிவால்வர்களில் டபுள் ஆக்ஷன் இழுப்பு, அதாவது சுத்தியலைத் தூக்கிச் சுடுவது வரை ஒரே இழுப்பில் செய்வது, கனமானது, அது இன்னும் மோசமாக்கும். தொண்டிக்காரருக்கும் கடைசியில் அதுதான்.

குரூப், அதாவது ஐந்து ஓட்டையும் கூட்டமாக, நன்றாக விழுகிறது, புள்ளி மட்டும் வேறு இடத்தில் என்றால் இப்போது லேசரைத் திசை திருப்பும் ஸ்க்ரூவைத் தொடலாம். பாதி வேலையை வீட்டிலேயே முடிக்கலாம். துப்பாக்கி காலி என்று இரண்டாம் முறை பாருங்கள். கதவைச் சாத்திவிட்டு, ரேழியிலிருந்து கொல்லைச் சுவர் வரை 7 மீட்டர் அளந்து, சுவரில் ஒரு பொட்டு ஒட்டுங்கள். அந்தத் திசையில் கண்ணாடி, டிவி, பளபளக்கும் பாத்திரம், ஆள் நடமாட்டம் எதுவும் கூடாது. காலித் துப்பாக்கி என்றாலும் பின்னால் கெட்டிச் சுவர்தான் இருக்க வேண்டும். ஃபோர்சைட், பேக்சைட் பொட்டில் நேராக நிற்கும்போது, லேசர் புள்ளி ஃபோர்சைட் நுனியின் தலையில் உட்கார்ந்ததுபோலத் தெரியும்வரை இரண்டு ஸ்க்ரூவையும் கால் சுற்றாகத் திருப்புங்கள். எது மேல்கீழ், எது பக்கம் என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். திருப்பிப் பார்த்தால் தெரியும். ஸ்க்ரூ இறுகி நின்றால் மல்லுக்கட்ட வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் உடையும். எதிர்ப்பக்கம் பாதி தூரம் வந்து, பெட்டி கோணலாகக் கவ்வியிருக்கிறதா என்று பாருங்கள்.

மீதியை ரைபிள் கிளப் ரேஞ்சில் முடிக்கலாம். ஐந்து சுட்டுவிட்டு, அதே பிடியில் நின்று, புள்ளியைத் தோட்டா விழுந்த ஓட்டைக் கூட்டத்துக்கு நகர்த்துங்கள். எல்லோரும் தலைகீழாகச் செய்யும் இடம் இது. தோட்டாவை லேசர் இழுக்காது. தோட்டா போன இடத்துக்கு லேசர்தான் போக வேண்டும். கடற்கரையில் ஆளில்லை என்று மணல்மேட்டில் சுட்டுப் பார்ப்பவர்கள் கவனிக்க: அஜாக்கிரதையாகச் சுட்டு யாருக்காவது ஆபத்து உண்டாக்குவது 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று ஆயுதச் சட்டத்திலேயே தனியாக இருக்கிறது.

வானத்தைக் காட்டியும் புள்ளியைச் சோதிக்காதீர்கள். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்கிற கடற்படை விமானத்தளம் இருக்கிறது. விமானி கண்ணில் லேசர் பட்டால் யார் வீடு என்று தேடி வருவார்கள்.

போன மாதம் சரியாக இருந்தது, இந்த மாதம் இல்லை

லேசரைப் பிடித்திருக்கும் கவ்வி தளர்ந்திருக்கிறது. அரசு ஆயுதத் தொழிற்சாலையின் பழைய ஆர்டினன்ஸ் ரிவால்வர்களில் லேசரை ஏற்றும் ரெயில் என்கிற பள்ளம் வெட்டிய பட்டை கிடையாது. டிரிக்கரைச் சுற்றிய வளையமான டிரிக்கர் கார்டில் கவ்வும் வகைதான் போடுகிறார்கள். அது ஒவ்வொரு உதைப்புக்கும் ஒரு மயிரிழை நகரும். ஸ்க்ரூவைக் கழற்றி, ஆல்கஹாலால் எண்ணெய் போக்கி, ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் நீல நிறத் திரெட் லாக்கர் பசை அரைச் சொட்டு வைத்து முடுக்குங்கள். சிவப்பு நிறம் வேண்டாம், பிறகு சூடு காட்டினால்தான் கழலும். முடுக்கியதும் ஸ்க்ரூ தலையிலிருந்து பாடிவரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிட்டால், கோடு உடைந்ததா என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம். என் வீட்டில் மகளின் நகப்பூச்சு பாதி இதற்குத்தான் போகிறது.

கவ்வி ஏறிய பிறகு டிரிக்கர் முழுதாகப் போய்த் தடையில்லாமல் முன்னால் திரும்புகிறதா என்று காலித் துப்பாக்கியில் பாருங்கள். உரசினால் அந்தக் கவ்வியே வேண்டாம். கெட்டியாக நிற்கட்டும் என்று பாடியில் துளை போடுவது, ராவுவது எல்லாம் வம்பு. நம்பர் இருக்கும் இடத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் பதில் சொல்லி மாளாது.

சுடும் நொடியில் அணைந்து மறுபடி எரிகிறது

பேட்டரி ஸ்பிரிங் நெளிந்திருக்கிறது. சின்ன இடுக்கியால் ஒரு மில்லிமீட்டர் தூக்கிவிடுங்கள்.

புள்ளி நிற்காமல் ஆடுகிறது

உங்கள் கை ஆடுகிறது. எப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, இப்போது பார்க்கிறீர்கள். ஆடும் புள்ளி நடுவுக்கு வரும்போது பிடித்துவிடலாம் என்று டிரிக்கரை வெடுக்கென்று இழுப்பதுதான் கெடுதல். காலித் துப்பாக்கியில் தினம் பத்து முறை, புள்ளி ஆடட்டும் என்று விட்டு, டிரிக்கரை மட்டும் சீராக அழுத்திப் பழகுங்கள். கிளிக் சத்தத்தில் புள்ளி எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பாருங்கள். லேசரால் எனக்குத் தெரிந்த உருப்படியான பயன் இது ஒன்றுதான், பயிற்சி வாத்தியார் வேலை.

இராத்திரியில் புள்ளியோடு ஒரு கோடும் தெரிகிறது

கடலிலிருந்து ஈரம் ஏறும் இரவுகளிலும், புகை இருந்தாலும், காற்றில் மிதக்கும் துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். பச்சையில் அதிகம் தெரியும். அந்தக் கோடு எதிரில் இருப்பவனுக்கு நீங்கள் நிற்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும். சரிசெய்ய ஒன்றுமில்லை, விரலை ஸ்விட்சிலிருந்து எடுங்கள்.

புள்ளியைத் தேடிக்கொண்டே நிற்கிறேன்

இதை யாரும் கோளாறாகச் சொல்வதில்லை. எனக்கு இதுதான் பெரிய கோளாறு. துப்பாக்கியை இடுப்பளவில் நீட்டிவிட்டுச் சுவரெல்லாம் புள்ளி எங்கே எங்கே என்று கண் ஓடும். அதற்குள் மூன்று நொடி போய்விடும். எப்போதும் கண் மட்டத்துக்குத் தூக்கி, சைட் வழியே பாருங்கள். புள்ளி அங்கேயே கிடைக்கும். கிடைக்காவிட்டால் பேட்டரி தீர்ந்தது என்று அர்த்தம், சைட் தீராது.

கூடவே இன்னொன்று. புள்ளியைக் கண்டால் ஓடிவிடுவான் என்று நம்பி ஆள்மேல் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கி முனை போகும் இடத்துக்குத்தான் புள்ளியும் போகும். கொல்லையில் சத்தம் கேட்டால் பார்க்க டார்ச் இருக்கிறது. அங்கே நிற்பது பக்கத்து வீட்டுப் பையனாகவும் இருக்கலாம். தற்காப்பு உரிமை முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரை இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரை. அதில் எங்கும், காக்கத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்ய இடமில்லை.

தேர்தல் முடிந்து திருப்பி வாங்கினேன், லேசர் செத்திருக்கிறது

தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில், சில சமயம் இரண்டு மாதத்துக்கும் மேல், கடலோர ஸ்டேஷன் அறையில் பேட்டரியோடு கிடந்தால் கசியாமல் என்ன செய்யும்? ஒப்படைக்குமுன் லேசரைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்து, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வீட்டிலேயே வையுங்கள். துப்பாக்கிக்கு ஆயில் பூசிக் கொடுங்கள். லேசர் வீட்டில் இருப்பதால் ரசீதில் லேசர் என்ற வார்த்தை இருக்கக் கூடாது, துப்பாக்கி நம்பர் மட்டும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். திருப்பி வாங்கி மாட்டியதும் பழைய ஜீரோ இருக்காது. ஃபோர்சைட் தலையில் புள்ளியை உட்காரவைத்து, ஐந்து தோட்டா ரேஞ்சில்.